அம்மப்பாவை மயில் என்று எழுதலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. என் மாமனார் காலமாகி இன்றோடு பதினெட்டு நாள். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளின் மகள் தன் அம்மப்பாவைப் பற்றி அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறாள். அதில் ஒரு வரி, நல்லூர்த் தேரன்று அவர் ஒரு 'பீகொக்' என்பது. இவர் அதைத் 'தேரன்று அம்மப்பா ஒரு மயில்' என்று மாற்றினார். வாசித்துக் காட்டியதும் மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆம்பிளையை ஆரும் மயில் எண்டு எழுதுவினமோ? சனம் சிரிக்கும்" என்கிறார். மச்சாளோ, "பிள்ளை பாசத்தோடை எழுதினது, மாத்தக் கூடாது" என்று நிற்கிறார். பீகொக் என்றால் பெருமை பிடித்தவன் என்று தம்பி கூகிளில் பார்த்துச் சொல்லி இன்னும் குழப்பிவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அரைப் பக்கத்தையும் இத்துடன் அனுப்புகிறேன். என்ன எழுதட்டும்?
பெயர் வேண்டாம், கோண்டாவில்.

பதில்: தங்கச்சி, முதலில் மாமிக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்கிறபடியால் முடிவை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன். 'அம்மப்பா ஒரு மயில்' என்ற வரியைப் போடாதீர்கள். மாமி சொல்வது சரி. பேத்தி எழுதியதும் சரி. இவர் அகராதியைப் பார்த்துத்தான் மாற்றியிருப்பார், அதில் பீகொக்குக்கு நேரே மயில் என்றுதான் இருக்கும், ஆகவே அவரையும் குறை சொல்ல முடியாது. மூன்று பேரும் சரி, வரி மட்டும் பிழை. எங்கள் மொழிபெயர்ப்புத் தொழிலில் இது வாரத்துக்கு இரண்டு தரம் நடக்கிற கதை.

தம்பி கூகிளில் கண்டது பொய்யில்லை. ஆங்கிலத்தில் ஓர் ஆளைப் பீகொக் என்றால், நன்றாக உடுத்திக்கொண்டு, நாலு பேர் தன்னைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவன் என்று பொருள். அதை வினைச்சொல்லாகவும் ஆக்கி வைத்திருக்கிறார்கள். 'பீகொக்கிங்' என்றால் ஆள் மினுக்கித் திரிகிறான் என்று அர்த்தம். அந்தச் சொல் சரியாகப் பார்த்தால் ஆண் பறவைக்கு மட்டும் உரியது. 'கொக்' என்றால் சேவல். பெட்டைக்குப் 'பீஹென்' என்று வேறு சொல், இரண்டுக்கும் பொதுவாகப் 'பீஃபவுல்'. (முதல் அசையைத் தமிழில் தனியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்கும் பயறு கடலைக்கும் சம்பந்தம் கிடையாது. லத்தீனில் மயிலுக்குப் 'பாவோ' என்று பெயர், அது தேய்ந்து வந்தது.) ஆகவே பீகொக் என்றவுடன் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளையின் கண்ணுக்கு ஓர் ஆண்பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நிற்பதுதான் தெரியும். சொல்லுகிற தொனியைப் பொறுத்து அது வசையாகவும் வரும், செல்லக் கேலியாகவும் வரும்.

இங்கே அது செல்லம்தான். அடுத்த வரியிலேயே பிள்ளை எழுதியிருக்கிறாள்: பட்டு வேட்டி கட்டி, சந்தனம் பூசி, சால்வையை மூன்று தரம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாராம், அம்மம்மா வாசலில் நின்று நேரமாகிறது என்று கத்துவாவாம். கோயிலுக்குள் போனால் அந்தச் சால்வையை இடுப்பில்தானே கட்டப்போகிறார்! இந்த வரியை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்படிக் கவனித்து வைத்திருக்கிற பிள்ளை அம்மப்பாவை ஆணவக்காரர் என்று எழுதவில்லை.

இந்தச் சொல்லில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவன் வெளிநாட்டில், மனைவியைக் கூப்பிட விண்ணப்பம். உறவு உண்மையானது என்று காட்ட, அவர்கள் எழுதிய கடிதங்களை மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள். கடிதத்துக்குக் கடிதம் 'என் மயிலே' என்று தொடங்கியிருந்தான் பொடியன். நானும் உள்ளதை உள்ளபடி 'மை பீகொக்' என்று பதினொரு தரம் அடித்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்திக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் அங்கேயுள்ள சட்டத்தரணியிடமிருந்து கேள்வி வந்தது. இவர் யாரைக் கேலி செய்கிறார்? கடிதம் மனைவிக்குத்தானா, அல்லது வேறு ஓர் ஆணுக்கா? அப்புறம் எல்லாவற்றையும் திருத்தி, தமிழில் மயில் என்று பெண்ணைக் கொஞ்சுவது வழக்கம் என்று அடியில் குறிப்பு எழுதி, மறுபடி பதினொரு முத்திரை. காதல் கடிதத்துக்கு அடிக்குறிப்பு எழுதிய பாவம் என்னைச் சேர்ந்தது.

அன்றைக்குப் படித்தது இதுதான்: ஆங்கிலத்தில் பீகொக் ஒரு குணம், தமிழில் மயில் ஒரு சாயல். சாயல் என்ற சொல்லுக்கு மென்மை என்றே தொல்காப்பியம் பொருள் சொல்கிறது. காமத்துப்பாலின் முதல் குறளில் (1081) அவளைக் கண்ட மாத்திரத்தில் அவன் திகைத்து நிற்கிறான்: 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ'. தெய்வமா, மயிலா, பெண்ணா என்று மயங்குகிறான். அவள் மினுக்குகிறாள் என்ற எண்ணம் அங்கே கிட்டவும் வரவில்லை. 'மயில் போல நடக்கிறாள்' என்று எங்கள் கிழவிகள் சொல்வதும் அப்படித்தான், நிலம் நோகாமல் நடக்கிறாள் என்பது அதன் பொருள்.

மயிலின் தலையில் தமிழர் ஆணவத்தை ஏற்றவே இல்லை என்பதற்கு நான் காட்டும் சாட்சி பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன், மலைநாட்டுத் தலைவன். மயில் ஒன்று குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை எடுத்து அதற்குக் கொடுத்தவன். புறநானூற்றில் பரணர் இதைப் பாடுகிறார் (145). மயில் போர்வையை என்ன செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் சிரித்திருக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். தோகை விரித்து உடல் சிலிர்க்கும் அதே பறவையைப் பார்த்து மேற்கத்தியவன் 'எவ்வளவு பெருமை' என்கிறான், எங்கள் ஆள் 'ஐயோ, குளிருதாக்கும்' என்கிறான். இந்த வித்தியாசத்தை எந்த அகராதியிலும் பதிய முடியாது.

பெருமையடிப்பவனைக் கேலி செய்யத் தமிழுக்கு ஒரு பறவை தேவைப்பட்டபோதும் மயிலை எடுக்கவில்லை. மூதுரையில் காட்டு மயில் ஆடுகிறது, அதைப் பார்த்திருந்த வான்கோழி தானும் மயில் என்று நினைத்துத் தன் பொல்லாச் சிறகை விரிக்கிறது. அடி வான்கோழிக்கு, மயில் மானத்தோடு தப்பிவிட்டது. (இன்று நத்தாருக்கு வெட்டும் வான்கோழி அமெரிக்கப் பறவை, கொலம்பஸுக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தது. பாட்டிலுள்ளது அதுதானா என்ற சண்டையைத் தமிழாசிரியர்களுக்கு விட்டுவிடுவோம்.)

சரி, மாமி சொன்ன காரணத்துக்கு வருவோம். ஆணை மயில் என்று சொல்வதில்லையா?

ஆடுவதும் தோகை வைத்திருப்பதும் ஆண் மயில்தான், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரணைமடுப் பக்கம் ஒருமுறை வயல் வரம்பில் அந்த ஆட்டத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு நீலமும் பச்சையும், பின்னால் நின்ற எனக்குக் குட்டையான மண்ணிற வாலும் அடிப்பஞ்சும். நாங்கள் தோகை என்று கொண்டாடுவது உண்மையில் வாலே இல்லை, வாலுக்கு மேலே முளைக்கிற நீண்ட இறகுகள். உண்மையான வால் பின்னால் நின்று அதற்கு முட்டுக் கொடுக்கிறது. யாருக்காக இந்தப் பாடோ அந்தப் பெட்டை, நாலு முழம் தள்ளி நின்று நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தது, ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்படியிருந்தும் தமிழ் இலக்கணம் ஆண் மயிலை ஆண் என்று அழுத்திச் சொல்லத் தயங்குகிறது. தொல்காப்பிய மரபியல், சிறகுள்ளவற்றில் ஆணுக்கெல்லாம் சேவல் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, 'மாயிருந் தூவி மயிலலங் கடையே' என்று மயிலை மட்டும் விலக்குகிறது. அதற்குப் பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரைகாரர் சொல்லும் காரணம், தோகையும் பெண் போன்ற சாயலும் இருப்பதால் ஆண் தன்மை அதில் தோன்றவில்லை என்பது. இதை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள், தொல்காப்பியர் அவருடைய கட்சி. பெட்டை மயிலுக்கு 'அளகு' என்ற பெயரும் உண்டு என்று அதே மரபியல் சொல்கிறது. இந்தச் சொல்லை நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

ஆனால் அதே பேராசிரியர் ஒரு கதவைத் திறந்து விடுகிறார். முருகன் ஏறிய மயிலென்றால் அதைச் சேவல் என்றும் சொல்லலாமாம். கந்தபுராணம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் அதிசயமில்லை. மாமரமாய் நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளக்க, ஒரு கூறு மயில், மறு கூறு சேவல். ஐப்பசியில் ஒவ்வொரு கோயிலிலும் சூரன்போர் பார்க்கிறோம். அந்த மயில் அசுரன். அதன் மேல் ஏறியிருப்பவரின் பெயரைத்தான் யாழ்ப்பாணம் தலைமுறை தலைமுறையாக ஆண்பிள்ளைகளுக்கு வைத்தது. யாழ்ப்பாண வைபவமாலை எழுதியவர் மயில்வாகனப் புலவர். கிழக்கே காரைதீவில் 1892இல் பிறந்து பின்னால் விபுலானந்தர் ஆனவரின் பிள்ளைப் பெயர் மயில்வாகனன். அதன் பிறகு வந்த மயூரன்களையும் மயூரிகளையும் எண்ணி முடியாது. மயூரம் வடமொழி என்று அதைத் தள்ளுகிறவர்களுக்கு ஒரு செய்தி: அந்தச் சொல்லே மயிலிலிருந்து வடக்கே போனது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அதே குடும்பத்துச் சொல்தான் சிங்களத்தில் 'மொனரா'. மொனராகலை என்றால் மயில்மலை.

ஆக, ஆணுக்கு மயில் ஆகாது என்று முழுதாகச் சொல்ல முடியாது. மயிலில் ஏறியவர் ஆகலாம், மயிலாகவே ஆகக் கூடாது. மயில்வாகனம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அதே ஐயாவை 'ஏய் மயில்' என்று கூப்பிட்டுப் பாருங்கள், என்ன நடக்கும் என்று தெரியும்.

இனி, என்ன எழுதுவது?

பறவையை விடுங்கள், பிள்ளை கண்டதைப் பிடியுங்கள். வயதான மனுசன் விசேஷ நாளில் குளித்து முழுகி உடுத்திக்கொண்டு புளுகத்தோடு நின்றால் எங்கள் வீடுகளில் என்ன சொல்வோம்? மயில் என்போமா? 'ஐயா புதுமாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டிட்டார்' என்போம். பீகொக்குக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான யாழ்ப்பாணத் தமிழ் இல்லை. கண்ணாடியும் இருக்கிறது, கேலியும் இருக்கிறது, ஆணும் இருக்கிறான், பெருமையும் இருக்கிறது, வசை மட்டும் இல்லை. 'நடப்புக் காட்டுவார்', 'எடுப்பாக நிற்பார்' என்றெல்லாம் இவருக்குத் தோன்றலாம். அவை பேச்சில் சிரிப்பு, கல்வெட்டில் குத்தல். வேண்டாம்.

இப்படிப் போட்டால் எப்படி என்று மாமியிடம் வாசித்துக் காட்டுங்கள்:

"நல்லூர்த் தேரன்று விடிய எங்கள் அம்மப்பா புதுமாப்பிள்ளை. பட்டு வேட்டி கட்டிச் சந்தனம் பூசிக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். சால்வையை மூன்று தரம் மாற்றிப் போட்டுப் பார்ப்பார். 'முருகன் தேரிலை ஏறியிட்டார், நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லை' என்று அம்மம்மா வாசலில் நின்று கத்துவா."

அம்மம்மா சொல்வதாக நான் போட்ட வசனம் என் ஊகம். உண்மையில் என்ன சொல்லிக் கத்துவா என்று மாமியையே கேட்டு அதை அப்படியே போடுங்கள். அவர் வாய்திறந்து அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டால் மீதிச் சண்டை தானாக அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை என்றால் யாருக்கு மாப்பிள்ளை என்பது அவருக்குத் தெரியும்தானே.

மச்சாளுக்கு இரண்டு வழி இருக்கிறது. பிள்ளையின் ஆங்கிலப் பக்கத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் கல்வெட்டின் கடைசியில் அப்படியே போடுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பேரப்பிள்ளைகள் அதைத்தான் வாசிக்கப் போகிறார்கள், அவர்களுக்குப் பீகொக் சரியாகவே விளங்கும். மற்றது, தமிழிலும் மயில் இருந்தே ஆகவேண்டும் என்றால், அவர் போட்டுக்கொள்ளும் சால்வையை எடுத்து அதன் கரையைப் பாருங்கள். மயில்கழுத்து நிறம் என்றால் 'மயில்கழுத்துக் கரைச் சால்வை' என்று எழுதிவிடலாம். நீலம் என்பதா பச்சை என்பதா என்று தெரியாத நிறம் அது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் வைத்து நெய்வதால், கடைக்காரர் சீலையை விரித்து ஒரு பக்கம் சரித்தால் பச்சையாகவும் மறுபக்கம் சரித்தால் நீலமாகவும் தெரியும். கரை சிவப்பென்றால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள். கல்வெட்டில் பொய் கூடாது, நிறத்தில்கூட.

கல்வெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவருக்கும் ஒரு சொல். தோகை என்றால் மயிலின் தோகை, மயில், கரும்பின் தாள், பெண் என்று நாலும் வரும். பாட்டில் 'தோகையைப் பிரிந்தான்' என்று வந்தால் அது மாமியைச் சொல்கிறது, பதறவேண்டாம். மயில் கூவியது, கத்தியது என்று எங்காவது இருந்தால் 'அகவியது' என்று திருத்தச் சொல்லுங்கள், மரபு அதுதான். மஞ்ஞை என்று எழுதினால் அச்சில் 'மஞ்சள்' ஆகிவிடும் சாத்தியம் அதிகம், மயில் என்றே எழுதட்டும்.

அச்சகத்திலிருந்து படி வந்ததும் நீங்களே ஒருமுறை, தம்பி ஒருமுறை வாசியுங்கள். முருகன் துதி வரும் பக்கத்தில் 'மயிலேறும் பெருமான்' என்ற இடம் கட்டாயம் இருக்கும். அதில் இரண்டாம் மூன்றாம் எழுத்துகளை விரலால் தொட்டுப் பாருங்கள். தட்டச்சில் லகரம் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம் விழுந்த ஒரு கல்வெட்டை எனக்குத் தெரியும். முந்நூறு பிரதிக்கும் அந்த வீட்டார் இரவிரவாக இருந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.